வன்னிக்குள்ளேயே ஓடும் வண்டி ஒன்று வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வடக்குப் புகையிரதப் பாதையைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதுபவர்கள் பெரும்பாலும் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எத்தனை மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம் என்பதையே பேசுகிறார்கள். அது முக்கியமான விடயந்தான். ஆனால் ஓமந்தைக்கும் ஆனையிறவுக்கும் இடையில் அந்தப் பாதையின் இரு மருங்கிலும் குடியிருக்கும் எங்களுக்கு வேண்டியது வேறொன்று. காலையில் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் வைத்தியசாலைக்கும் போய், வேலை முடிந்ததும் வீடு திரும்ப உதவும் குறுந்தூர வண்டிகள் வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களுக்கிடையே நாள்தோறும் மாறாத நேரத்தில் ஓட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள். இதை எழுதும்படி என்னைத் தூண்டியது ஜப்பானின் ஒசாக்கா நகரிலிருந்து புறநகர்களுக்கு ஓடும் ஒரு பாதை. அங்கே கண்டதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

என் மகளும் மருமகனும் ஒசாக்காவுக்கு வடக்கே இஷிபாஷி என்னும் இடத்தில் வசிக்கிறார்கள். பேரப்பிள்ளை பிறந்தபோது மகளுக்குத் துணையாகச் சென்று மூன்று மாதங்கள் அங்கே தங்கியிருந்தேன். வீட்டிலிருந்து சில நிமிட நடையில் ஹன்கியூ நிறுவனத்தின் தகராசுகா பாதை செல்கிறது. ஒசாக்காவின் உமேதா நிலையத்திலிருந்து மலையடிவாரத்து நகரான தகராசுகா வரை 24.5 கிலோமீற்றர் தூரம். அதற்குள் 19 நிலையங்கள். பரந்தனிலிருந்து மாங்குளம் போவதற்குள் முடிந்துவிடக்கூடிய தூரம் அது. பெட்டிகள் எல்லாம் ஒரே கருஞ்சிவப்பு நிறம்; உள்ளே மரப்பலகை போன்ற சுவர்களும் பாசிப்பச்சை நிற இருக்கைகளும் இருக்கும். முதல் வாரத்தில் நான் வீட்டை விட்டுப் புறப்படும்போதெல்லாம் வண்டி எத்தனை மணிக்கு என்று மகளிடம் கேட்டேன். "நீங்கள் போங்கள் அம்மா, வரும்" என்பதே ஒவ்வொரு முறையும் அவளுடைய பதிலாக இருந்தது. பகல் வேளையில் விரைவு வண்டியும் சாதாரண வண்டியும் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்துகொண்டேயிருந்தன.

இஷிபாஷி நிலையத்தின் பெயரோடு 2019 ஒக்ரோபரில் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். ஒசாக்கா பல்கலைக்கழகத்தின் தோயோநாகா வளாகத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். காலை வேளையில் நிலையத்திலிருந்து வளாகத்தை நோக்கி மாணவர்கள் கூட்டமாக நடந்து போவதைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் அறிவியல் நகர்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் அங்கே இருக்கின்றன. தண்டவாளம் பக்கத்தில் இருக்கிறது. அறிவியல் நகர் என்ற பெயரிலேயே ஒரு தரிப்பிடமும் இருக்கிறது. ஆயினும் அந்த மாணவர்களில் பெரும்பாலானோர் ஏ9 வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள்.

ஜப்பானைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அவர்கள் பணக்காரர்கள், அவர்களுடைய நகரங்களில் சனம் நிறைந்திருக்கிறது, அதனால் வண்டி ஓடுகிறது என்று நம்மவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தகராசுகா பாதையின் வரலாறு அதற்கு நேர்மாறானது. அந்தப் பாதை 1910 மார்ச் 10ஆம் திகதி திறக்கப்பட்டபோது அது சென்ற இடமெல்லாம் பெரும்பாலும் வயலும் மேட்டு நிலமும் சிறு கிராமங்களுமாகவே இருந்தன. அதை அமைக்கவிருந்த நிறுவனத்தின் பங்குகளை வாங்க ஆளில்லை. மிட்சுயி வங்கியில் வேலை பார்த்துவிட்டு அந்த முயற்சிக்குப் பொறுப்பேற்ற கொபயாஷி இச்சிசோ என்பவர் பாதை அமையவிருந்த நிலத்தை நடந்து பார்த்தார். நகரத்தின் புகைக்கும் நெருக்கடிக்கும் வெளியே, நல்ல காற்றும் தண்ணீரும் உள்ள இந்த இடங்களில் குடியிருக்க விரும்புவோர் இருப்பார்கள், வண்டி இல்லாததுதான் குறை என்ற முடிவுக்கு வந்தார். இஷிபாஷிக்கு அடுத்த நிலையமான இகேதாவில் முரோமாச்சி என்ற குடியிருப்பை அமைத்து, சம்பளக்காரர்கள் பத்து வருடத் தவணையில் வீடு வாங்க வழிசெய்தார். பாதையின் மறுமுனையான தகராசுகாவில் 1911இல் வெந்நீர்க் குளிப்பிடம் ஒன்றைத் திறந்தார். அங்கே கட்டிய உள்ளக நீச்சற்குளம் எடுபடாமற் போகவே, அதை மூடி மேடையாக்கி, 1914இல் இளம்பெண்கள் மட்டுமே பங்கேற்கும் இசை நாடகத்தை அரங்கேற்றினார். அந்தக் குழு இன்றும் அதே ஊரில் நாடகம் நடத்துகிறது. 1929இல் உமேதா நிலையத்தோடு சேர்த்துப் பல்பொருள் அங்காடி ஒன்றையும் கட்டினார். காலையில் நகரத்தை நோக்கி நிறைந்து செல்லும் வண்டிகள் திரும்பும்போதும், விடுமுறை நாட்களிலும், வெறுமையாக ஓடக்கூடாது என்பதே இவை அனைத்துக்கும் பின்னாலிருந்த கணக்கு.

வண்டி ஓடிய பிறகுதான் அங்கே சனம் வந்தது என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வன்னிக்குக் குறுந்தூர வண்டி கேட்கும்போதெல்லாம் எங்களுக்குக் கிடைக்கும் மறுமொழி, ஏறுவதற்கு ஆள் போதாது என்பதே. வசதியான நேரத்தில் வண்டி இல்லாத நிலையத்துக்கு யார் வருவார்கள்? விடியற்காலையிலோ நடுப்பகலிலோ வந்து போகும் நீண்டதூர வண்டியை மாத்திரம் வைத்துக்கொண்டு அந்த நிலையத்தின் தேவையை அளப்பது, கிணற்றுக்குக் கயிறும் வாளியும் கொடுக்காமல் இங்கே யாருக்கும் தாகமில்லை என்று எழுதி வைப்பதற்குச் சமம்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கொபயாஷி செய்ததை அப்படியே இங்கே செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாதையோரக் காணிகளை மலிவாக வாங்கி விற்று இலாபம் பார்த்த முறை அது. வன்னியில் காணி என்பது விற்பனைச் சரக்கு மாத்திரமன்று. இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து, திரும்பி வந்து, உறுதி தொலைந்த காணிக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஆண்டுக்கணக்காக நடந்தவர்கள் நாங்கள். புகையிரதத்தின் பேரால் யாருடைய ஒரு பரப்புக் காணியும் கைமாறக்கூடாது. நான் கேட்பது ஏற்கெனவே போட்டுக் கிடக்கும் தண்டவாளத்தின் மேல் ஓடும் வண்டிகளின் நேரத்தைப் பற்றியது.

அந்தத் தண்டவாளத்தின் அருமையை எங்கள் தலைமுறை நன்கு அறியும். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை முதல் வண்டி ஓடியது 1902இல். வன்னியூடாகத் தெற்கோடு பாதை இணைந்தது 1905இல். நான் பரந்தனில் ஏறி யாழ்ப்பாணம் போய்ப் படித்தவள். பாலை மரங்களும் வயல்களும் கடந்து, ஆனையிறவில் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டு யன்னலோரம் வந்து நிற்போம். 1990 யூனில் அந்த வண்டிகள் நின்றன. அதன்பின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாகிப் போயின; பாதை இருந்த இடத்தில் மேடும் பற்றையும் மாத்திரமே மிஞ்சின. போர் முடிந்த பின்னர், இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் என்னும் இந்திய நிறுவனம் பாதையை அடியிலிருந்து புதிதாக அமைத்தது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அதே ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தது. கிளிநொச்சிக்கு வண்டி திரும்பி வந்த காலத்தில், இருபத்து மூன்று வருடங்களாக வண்டி ஓடாததால் புகையிரதத்தையே பார்த்திராத பிள்ளைகள் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்ததை நான் கண்டேன். அவர்களில் சிலர் என் மாணவர்கள்.

அவ்வளவு செலவில் மீண்ட பாதையூடாக இன்று செல்லும் வண்டிகளில் பெரும்பாலானவை கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் கருதி நேரம் குறிக்கப்பட்டவை. அது குற்றமன்று, ஆனால் நடுவில் இருப்பவர்கள் அந்த நேரத்துக்குத் தங்கள் வாழ்வை ஒழுங்குபடுத்திக்கொள்ள முடியாது. பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. அரச அலுவலகங்கள் 8.30 முதல் 4.15 வரை. நான் கற்பித்த காலத்தில் பாடசாலைக்குப் போக ஒவ்வொரு காலையும் ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வீதிக்கு வந்து நிற்பேன். நெடுந்தூர பஸ்கள் குறுந்தூரப் பயணிகளை ஏற்ற விரும்புவதில்லை. பருவச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் கை காட்டினால் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போன சாரதிகளையும் பார்த்திருக்கிறேன். ஏறினாலும் மிதிபலகையில் தொங்கியபடிதான் பயணம். பெண் பிள்ளைகள் அந்த நெரிசலில் அனுபவிப்பதை அவர்களே என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். பயணத்துக்காகவே பாடசாலையை இடைநிறுத்திய பிள்ளைகள் இருவரின் வீடுகளுக்கு நானே சென்று பேசியிருக்கிறேன். ஒருத்தியை மாத்திரமே திரும்ப அழைத்துவர முடிந்தது.

இந்த வேண்டுகோள் நடைமுறைக்கு ஒவ்வாதது அல்ல என்பதற்கு எங்களிடமே சான்று இருக்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் நாடே வரிசையில் நின்றபோது, முறிகண்டிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 'யாழ் ராணி' என்ற பெயரில் அலுவலர்களுக்கான வண்டி ஒன்று ஓடத் தொடங்கியது. நெருக்கடி வந்தவுடன் வண்டியும் பெட்டிகளும் சாரதியும் நேரமும் கிடைத்தன. நெருக்கடிக் காலத்தில் செய்ய முடிந்ததைச் சாதாரண நாட்களுக்கும் உரிய ஒழுங்காக விரிவாக்குவதே நாங்கள் கேட்பது. ஒரு வண்டி ஒரு தடவை போய் வருவதால் மாத்திரம் அது ஒழுங்காகிவிடாது. காலை வண்டியைத் தவறவிட்டவருக்கு அடுத்த வண்டி இருக்க வேண்டும், பிந்தி வேலை முடிபவருக்கும் வீடு திரும்ப வழி இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாதவர் கடன்பட்டாவது மோட்டார் சைக்கிள் வாங்குவார்.

ஒற்றைத் தண்டவாளம் என்பது அடுத்துச் சொல்லப்படும் தடை. தகராசுகா பாதை இரட்டைப் பாதை என்பது உண்மைதான். ஆனால் அதே ஜப்பானில், புஜிசாவாவிலிருந்து கமகுராவுக்கு ஓடும் எனொஷிமா மின்பாதை முழுவதும் ஒற்றைத் தண்டவாளமே. நீளம் 10 கிலோமீற்றர், நிலையங்கள் 15. எங்கள் காங்கேசன்துறை வண்டியைப் போலவே அதுவும் முதலில் ஓடியது 1902இல். குறிப்பிட்ட சில இடங்களில் மாத்திரம் எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வசதி செய்து, பல ஆண்டுகள் 12 நிமிடத்துக்கு ஒரு வண்டியை ஓட்டினார்கள். 2023இல் அதை 14 நிமிடமாக்கினார்கள். வன்னியில் யாரும் 12 நிமிடத்துக்கு ஒரு வண்டி கேட்கவில்லை. கடவைத் தண்டவாளம் உள்ள நிலையங்களில் ஒன்றையொன்று கடந்து போகும்படி நேரத்தைத் திட்டமிட்டால், காலையில் இரண்டு, மதியம் ஒன்று, மாலையில் இரண்டு என்பது இந்தப் பாதைக்குத் தாங்க முடியாத பாரமாக இராது.

தகராசுகா பாதையில் நான் கவனித்த இன்னொரு நுட்பமும் இங்கே பயன்படும். உமேதாவில் புறப்படும் விரைவு வண்டி, நகரத்துக்கு அருகிலுள்ள நிலையங்களில் பெரும்பாலானவற்றைத் தாண்டி, ஜூசோவிலும் தோயோநாகாவிலும் மாத்திரம் நின்று, தோயோநாகாவுக்கு அப்பால் ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கிறது. கிட்டிய நிலையங்களைச் சாதாரண வண்டி பார்த்துக்கொள்கிறது. தூரத்தில் இருப்பவருக்கு விரைவும் கிடைக்கிறது, அவருடைய சின்ன நிலையத்திலேயே இறங்கவும் முடிகிறது. எங்களிடமோ விரைவு என்றால் சின்ன நிலையங்களைப் புறக்கணிப்பது என்றே பொருளாகிவிட்டது. யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து புளியங்குளத்தில் இறங்க வேண்டியவர் விரைவு வண்டியில் வவுனியா வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் திரும்பி வருகிறார். கொழும்பு வண்டி ஒன்றேனும் வவுனியாவுக்கு அப்பால் எல்லா நிலையங்களிலும் நின்று செல்வதைப் பரிசீலிக்கலாம். தகராசுகா பாதையில் கோயில்களின் பெயர் தாங்கிய நிலையங்களும் பல உண்டு. திருவிழா நாட்களில் அங்கே கூட்டம் அலைமோதும் என்று மகள் சொன்னாள். முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காமல் ஏ9 வீதியால் போகும் வாகனம் அரிது. அந்தப் பிள்ளையாரிடம் புகையிரதத்தில் வந்து இறங்கி, கச்சானும் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் வீடு திரும்பும் வசதி ஏற்பட்டால், கோயிலடி வியாபாரிகளுக்கும் அது கைகொடுக்கும்.

முல்லைத்தீவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த நகருக்குத் தண்டவாளமே இல்லை. மாங்குளத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் செல்லும் வீதிகளே அங்குள்ளவர்களுக்குப் புகையிரதத்தோடு உள்ள தொடர்பு. இஷிபாஷியிலும் தோயோநாகாவிலும் நிலைய வாசலிலேயே பஸ் நிற்கும். மாங்குளத்தில் வண்டி வரும் நேரத்துக்கு முல்லைத்தீவு பஸ்ஸும், பரந்தனில் புதுக்குடியிருப்பு பஸ்ஸும் நிலையத்துக்கே வந்து பயணிகளை ஏற்ற வேண்டும்; இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை, இரண்டு திணைக்களங்களும் ஒரு மேசையில் அமர்ந்து பேசினாற் போதும்.

வண்டிகளைக் கூட்டுங்கள் என்று கேட்கும் எவரும் வீதிகள் தண்டவாளத்தைக் குறுக்கறுக்கும் கடவைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பது பொறுப்பாகாது. பாதை திறந்த காலந்தொட்டு வடக்கின் பாதுகாப்பற்ற கடவைகளில் எத்தனை உயிர்களை இழந்தோம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. இஷிபாஷியில் மகளின் வீட்டருகே உள்ள கடவையில் மணி ஒலிக்கும், விளக்கு மின்னும், தடைக்கம்பம் இறங்கும். வாகனம் ஏதேனும் நடுவில் சிக்கினால் யாரும் அழுத்தக்கூடிய அவசரப் பொத்தான் ஒன்று கம்பத்திலேயே இருக்கிறது, அது வண்டிச் சாரதிக்கு அபாயச் சமிக்ஞை கொடுக்கும். இதுவும் ஒரே நாளில் வந்ததல்ல. கடவைகளைத் திருத்துவதற்கென்றே 1961இல் அங்கே தனிச் சட்டம் இயற்றி, படிப்படியாகத் தடைக்கம்பம் போட்டும், இயன்ற இடங்களில் பாதையை மேலே உயர்த்தியும் இந்நிலைக்கு வந்திருக்கிறார்கள். எங்கள் கடவைகளில் வெயிலிலும் மழையிலும் காவல் நிற்பவர்கள் சொற்பக் கொடுப்பனவோடு, நிரந்தர நியமனம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள். வண்டிகளின் எண்ணிக்கை கூடுவதற்கு முன் அவர்களுடைய வேலை ஒழுங்காக வேண்டும். தண்டவாளத்தில் படுத்துக் கிடக்கும் கட்டாக்காலி மாடுகளுக்கு நாங்கள்தான் பொறுப்பு. அதை வேறு எவர் தலையிலும் போட முடியாது.

நேரந்தவறாமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானிய வண்டிகள் நொடி தவறாதவை என்று புகழ்பவர்கள், அதே தகராசுகாவிலிருந்து புறப்பட்ட ஒரு வண்டிக்கு நேர்ந்ததையும் அறிந்திருக்க வேண்டும். அந்த ஊரிலிருந்து ஒசாக்காப் பக்கம் செல்ல ஹன்கியூ பாதையோடு போட்டியிடும் இன்னொரு பாதை உண்டு, அது ஜே.ஆர். மேற்கு நிறுவனத்தின் புக்குச்சியாமா பாதை. 2005 ஏப்ரல் 25ஆம் திகதி காலை அதில் சென்ற வண்டியின் இளம் சாரதி இதாமி நிலையத்தில் நிறுத்துமிடத்தைத் தாண்டிவிட்டார். பின்னால் எடுத்து மீண்டும் புறப்பட்டபோது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பிந்தியிருந்தது. மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாத வளைவில் வண்டி ஏறத்தாழ 116 கிலோமீற்றர் வேகத்தில் நுழைந்து தடம் புரண்டு, பக்கத்திலிருந்த மாடிக் குடியிருப்பில் மோதியது. சாரதியோடு 107 பேர் இறந்தார்கள். 562 பேர் காயமடைந்தார்கள். பிந்திய சாரதிகளைத் தண்டனை போன்ற மறுபயிற்சிக்கு அனுப்பி அவமானப்படுத்தும் வழக்கம் அந்த நிறுவனத்தில் இருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவியும் அந்த வளைவில் அப்போது பொருத்தப்பட்டிருக்கவில்லை. மகள் இதைச் சொன்ன நாளிலிருந்து, வண்டி ஒரு நிமிடம் பிந்தினால் முகம் சுளிக்கும் என் பழக்கத்தை விட்டுவிட்டேன். அங்கே வண்டி பிந்தினால் நிலையத்தில் அதற்கான அத்தாட்சித் துண்டு கொடுக்கிறார்கள். அதைக் காட்டினால் பாடசாலையிலும் வேலைத்தளத்திலும் ஏற்றுக்கொள்கிறார்கள். அச்சடித்த சிறு கடதாசித் துண்டு ஒன்று சாரதியின் மேலுள்ள பாரத்தையும் பிள்ளையின் பயத்தையும் குறைக்கிறதென்றால், அதை நாமும் பின்பற்றலாம். எங்களுக்கு வேண்டியது நொடிக்கணக்கன்று. குறித்த வண்டி குறித்த நாளில் வரும், வராவிட்டால் முன்கூட்டியே அறிவிக்கப்படும் என்ற உறுதி போதும்.

ஆகவே புகையிரதத் திணைக்களத்தையும், போக்குவரத்து அமைச்சையும், வன்னி மாவட்டங்களின் மக்கள் பிரதிநிதிகளையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முறை வடக்குப் பாதையின் நேர அட்டவணை திருத்தப்படும்போது, வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புறப்படும் காலை வண்டிகள் ஏழு மணிக்குள் கிளிநொச்சியை அடைய வேண்டும். அறிவியல் நகரிலும் பரந்தனிலும் தவறாமல் நிற்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணியளவில் பிள்ளைகளுக்கும், நான்கே முக்காலுக்குப் பின்னர் அலுவலர்களுக்கும் திரும்பும் வண்டிகள் இருக்க வேண்டும். இதை ஆறு மாதம் பரீட்சார்த்தமாக ஓட்டிப் பார்த்து, அதன் பிறகு ஆள் போதுமா போதாதா என்று தீர்மானிக்கட்டும். ஒரு மாதம் போதாது. பழக்கப்பட்ட பயணத்தை மாற்றிக்கொள்ளச் சனத்துக்குக் காலம் எடுக்கும்.

ஜப்பானிலிருந்து திரும்பிய பின், என்னோடு கற்பித்த ஆசிரியைகள் மூவரும் நானுமாகச் சேர்ந்து, பரந்தன் சந்தியிலும் கிளிநொச்சி பஸ் தரிப்பிடத்திலும் ஒரு வாரம் காலையும் மாலையும் நின்று, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் போகிறார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். பாடசாலைப் பிள்ளைகள், தாதியர், கூலிக்குப் போகும் பெண்கள், சிகிச்சைக்குச் செல்லும் முதியவர்கள் என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறோம். திணைக்களத்தின் நேர அட்டவணையைத் தயாரிப்பவர்கள் விரும்பினால், அதன் பிரதியைக் கிளிநொச்சி நிலைய அதிபரிடம் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பரந்தன்.